பதினாறாம் கிலோமீட்டரில் ஒரு பூச்சி

கோலா சாவாத் தோட்டத்துக் குமுதவல்லி டிரையத்லானுக்குள் கால் வைத்ததற்கு வைராக்கியமும் காரணமில்லை, டாக்டர் சொன்ன புத்திமதியும் காரணமில்லை. ஒரு பெரிய மனிதர் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்ததுதான் காரணம்.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நான்கு வருஷத்துக்கு முன்னால் சிரம்பான் டவுனில் இருக்கும் டிரையத்லான் கிளப் ஒன்று ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அவள் வேனைப் பேசி அமர்த்தியது. கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, அப்புறம் ஓடவும் செய்கிற கூட்டம் அது. கூட்டத்தின் கடைசி ஆளுக்குப் பின்னால் மெதுவாக வர வேண்டும், முடியாமல் உட்கார்ந்துவிட்டவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். வேலை அவ்வளவுதான். முதல் ஞாயிறே லிங்கி பாலத்துக்கு அப்பால் மூன்று பேரை அள்ளிப் போட்டாள். அதில் ஒருவர் ஆறடி உயரம், ஏதோ கம்பெனியில் மேனேஜர். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் சீட்டில் முழங்காலை முகவாயில் முட்டிக்கொண்டு உட்கார்ந்து, போர்ட்டிக்சன் வரும்வரை அழுதார். குமுதா டிஷ்யூ பெட்டியைப் பின்னால் நீட்டினாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதும் அதே யோசனைதான். இத்தனை பெரிய ஆளைப் பச்சைப் பிள்ளை மாதிரி அழவைக்கிற அந்தச் சமாச்சாரம் என்னவாக இருக்கும்? நாமும் ஒரு தடவை போய்ப் பார்த்தால் என்ன?

அடுத்த ஞாயிறு கிளப்பின் கோச் ஜெயந்தனிடம் போய் நின்றாள்.

"சார், பொம்பளைங்க சேரலாமா?"

"பெண்கள் ஒன்பது பேர் இருக்கினம். ஏன், ஆருக்கு?"

"எனக்குத்தான் சார்."

ஜெயந்தன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவள் அவரை மதித்தாள். அவர் சிரம்பானில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துக்காரர். நில அளவை இலாகாவில் அதிகாரி, எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். நீந்தத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். அப்படியானால் வியாழக்கிழமை சீ ரூசா கடற்கரைக்கு வரச் சொன்னார்.

நாற்பது வயதில் உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து நீச்சல் கற்றுக்கொண்டாள். பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டால் மறுபடி ஏற்ற மத்தியானம் ஒரு மணி ஆகும். அந்த இடைவெளிதான் அவளுக்குக் கிடைத்த சொத்து. வேனின் பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அங்கே சைக்கிளைப் படுக்கப் போட்டாள். ஜன்னலுக்குத் திரை தைத்து உள்ளேயே உடை மாற்றிக்கொண்டாள். ஊர் மூக்கில் விரல் வைத்தது. "என்னா குமுதா, வேன் ரிப்பேரா? எங்க பார்த்தாலும் ஓடிக்கிட்டே இருக்கியே!" என்று கோவில் வாசலில் பெண்கள் கேலி செய்தார்கள். "ஆமாக்கா, டயருக்குத் தேய்மானம் வேணாமேன்னு நானே ஓடுறேன்" என்று இவளும் விட்டுக்கொடுக்காமல் சொன்னாள்.

கேலி எல்லாம் தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாமல் போனது போன வருஷத்துப் பரீட்சை. வருஷக் கடைசியில் வடக்கே நடக்கிற முழுத்தூரப் போட்டிக்கு ஜெயந்தன் யாரையும் சும்மா அனுப்பமாட்டார். கிளப் வைக்கும் பாதித்தூரப் பரீட்சையை முடிக்க வேண்டும். சீ ரூசாவில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல், லிங்கி, ரந்தாவ் பக்கமெல்லாம் சுற்றித் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், கடைசியாகக் கோலா சாவா செம்பனைத் தோட்டத்துக்குள் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் மூன்றரைக்குள் முடித்தாக வேண்டும். மூன்று முப்பத்தொன்றுக்கு வந்தால் கைகுலுக்குவார், பேரை எழுதமாட்டார். போன வருஷம் சைக்கிளிலேயே பதினோரு நிமிஷம் பிந்திப்போய் நிறுத்தப்பட்டாள். அந்த மேனேஜர் ஏன் அழுதார் என்பது அன்றைக்கு அவளுக்கு விளங்கியது.

"இந்த ஒரு தடவதான் குமுதா" என்றான் அவள் புருஷன் அர்ச்சுனன். செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்க்கிறவன், அதிகம் பேசாதவன். "நாலு வருஷமா ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுல சோறு இல்ல. நான் கொற சொல்லல. ஆனா இந்தத் தடவ முடிஞ்சாலும் முடியலன்னாலும் போதும்." அவளும் சரி என்று தலையாட்டினாள். ஜெயந்தனும் கிட்டத்தட்ட அதையேதான் வேறு மாதிரி சொன்னார். இரண்டு முறை தவறியவரை மூன்றாம் முறை எடுப்பதில்லை என்பது கிளப்பின் விதி. ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமை விட்டால் அவளுக்கு வேறு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடல் அலையில்லாமல் கிடந்தது. சைக்கிளில் டயர் ஒன்றும் வெடிக்கவில்லை. பன்னிரண்டு பத்துக்கு அவள் தோட்டத்துத் திடலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓட ஆரம்பித்தபோது, ஜெயந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார். அவர் பாராட்டுவதென்றால் அவ்வளவுதான். வேனை அர்ச்சுனன் ஓட்டிக்கொண்டிருந்தான். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஏழு கிலோமீட்டர் வட்டம், அதை மூன்று தடவை சுற்ற வேண்டும். முதல் சுற்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாம் சுற்றில் இரண்டு கிலோமீட்டர் போனபோது மணி இரண்டு இருபத்தைந்து. இன்னும் ஐந்து கிலோமீட்டர், கையில் ஒரு மணி ஐந்து நிமிஷம். அவள் ஓட்டத்துக்கு முக்கால் மணி போதும். நடந்தால்கூடக் கிட்டத்தட்டப் போய்விடலாம். நான்கு வருஷத்தில் முதல்முறையாக, முடித்துவிடுவோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

எதிரே பழக்குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடிக்கொண்டு வந்தது. சாலை குறுகல். அவள் வழிவிட ஓரமாக ஒதுங்கி, வெட்டிப்போட்ட செம்பனை மட்டைகளின் குவியல்மேல் இடது காலை வைத்தாள். டிராக்டர் ஓட்டிவந்த வங்காளதேசத்துப் பையன் கையாட்டினான். இவளும் கையாட்டினாள். அப்போதுதான் கணுக்காலுக்கு மேலே, காலுறைக்குச் சற்று உயரத்தில், யாரோ சூடான ஆணியை வைத்து அடித்த மாதிரி இருந்தது.

குனிந்து பார்த்தாள். மட்டைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு நீளம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. போய் முடிந்தது. காலில் இரண்டு சிவப்புப் புள்ளிகள், ஒன்றிலிருந்து ரத்தம் மெல்லிசாக உறைக்குள் இறங்கியது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பழக்கம் உண்டு. அதன் பேரைச் சொல்லமாட்டார்கள். காட்டுக்குள் நின்றுகொண்டு பேரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். கடிபட்டவன் காதில் பேர் விழுந்தால் விஷத்துக்கு முன்னால் பயம் தலைக்கு ஏறிவிடும். அதனால் பூச்சி என்பார்கள். மட்டை அடுக்கும்போது பூச்சி இருக்கும், பார்த்து. இன்னார் மாமனாரைப் பூச்சி கடித்துவிட்டது, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். குமுதாவின் அம்மா செல்லம் முப்பது வருஷம் பழம் பொறுக்கியவள், ஒரு நாளும் அந்த வார்த்தையை உச்சரித்ததில்லை. குமுதாவும் உச்சரித்ததில்லை. இப்போது அவள் மனசுக்குள்கூட அது பூச்சி என்றுதான் ஓடியது.

சாரையாக இருக்கும் என்று நினைத்தாள். சாரை கறுப்பாகவும் இருக்கும், கடித்தாலும் ஒன்றும் ஆகாது. தண்ணீர்ப் புட்டியைத் திறந்து காலில் ஊற்றினாள். புள்ளிகள் கழுவப்பட்டு மறைந்த மாதிரி இருந்தது, மறுபடி சிவந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு இருபத்தேழு. அறிவுள்ள எவரும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து கூச்சல் போட்டிருப்பார்கள். இவள் ஓட ஆரம்பித்தாள்.

பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஜெயந்தன் தன் மோட்டாரில் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பார், ஒவ்வொருவர் பக்கத்திலும் கொஞ்ச தூரம் கூடவே வருவார்.

"ஏன் நிண்டனீங்கள்?"

குமுதாவின் வாயில் வார்த்தை தயாராக இருந்தது.

"பூச்சி கடிச்சிருச்சு சார்."

"என்ன பூச்சி? குளவியோ?"

"தெரியல சார். பூச்சி."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். காலைப் பார்க்கவில்லை. இடுப்புப் பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து நீட்டினார். "இதைப் பூசுங்கோ. மூச்சு முட்டுதோ? முகம் வீங்குதோ?"

"இல்ல சார்."

"ஓடலாமோ?"

ஒரே ஒரு கேள்வி. இதோ, இங்கே, இந்த இடத்தில் அவள் நின்றிருக்க வேண்டும்.

"ஓடலாம் சார்" என்றாள்.

மோட்டார் முன்னால் போய்விட்டது. ஓடிக்கொண்டே குனிந்து தைலத்தைத் தேய்த்துக்கொண்டாள். அந்தக் காரியத்தின் அபத்தம் அவளுக்கே தெரிந்தது.

பதினேழாம் கிலோமீட்டரில் கால் எரிய ஆரம்பித்தது. எரிச்சல் கணுக்காலிலிருந்து ஆடுசதைக்கு ஏறியது. சப்பாத்து இறுகியது. நின்று, கயிற்றைத் தளர்த்தி, மறுபடி ஓடினாள். தளர்த்திய சப்பாத்தும் ஐந்தே நிமிஷத்தில் இறுகியது. அவள் மனம் ஒரு பக்கம் கணக்குப் போட்டது, இன்னொரு பக்கம் கெஞ்சியது. நாலு கிலோமீட்டர். சாரைதான். சாரை கடித்தால் வீங்குமா? வீங்கலாம். ஏழரை மணி நேரமாக உடம்பை அடித்துத் துவைத்தால் எந்தக் கடியும் வீங்கும். மூணே முக்கால் கிலோமீட்டர்.

சுற்றின் பாதியில், பழைய ரப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில், தண்ணீர் கொடுக்கும் இடம். கிளப் உறுப்பினர் தர்மினி, வங்கியில் வேலை பார்க்கும் பெண், மேசை போட்டு நின்றுகொண்டிருந்தாள். மேசைக்குப் பின்னால் குமுதாவின் வேன் நின்றது. அர்ச்சுனன் ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான்.

அவனைப் பார்த்ததும் அவள் கால் தானாக நேராக ஓடப் பார்த்தது. முடியவில்லை.

"என்னா, நொண்டுற?" என்றான் அர்ச்சுனன், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு.

"சுளுக்குங்க. ஒண்ணுமில்ல."

"நில்லு, பார்க்கிறேன்."

"நேரமில்லங்க!"

நிற்காமலே தர்மினியின் கையிலிருந்து கோலாக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள். "அக்கா, கண்ணு ரொம்ப டயர்டா இருக்குக்கா, ஓகேயா?" என்று தர்மினி பின்னாலிருந்து கத்தினாள். குமுதா கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். கோலா தொண்டையில் இறங்கும்போது ஏதோ கட்டி மாதிரி நின்று நின்று இறங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அர்ச்சுனன் சாலை நடுவில் நின்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும்.

பத்தொன்பதாம் கிலோமீட்டருக்கு வந்தபோது இமைகள் கனத்தன. தூக்கம் வந்தால் கனக்குமே, அது மாதிரி. கையால் தேய்த்துத் திறந்துவிட்டாள், மறுபடி இறங்கின. குமட்டியது. ஓரமாக வாந்தி எடுத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். அது ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை, ஒரு காலை இழுத்துக்கொண்டு மற்றதைத் தட்டி வைக்கிற ஒரு பிழைப்பு.

கொடுமை என்னவென்றால், இதெல்லாம் அவளுக்குப் புதிதல்ல. நீண்ட தூரம் ஓடுகிற எவருக்கும் புதிதல்ல. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பயிற்சியில் பதினெட்டாவது கிலோமீட்டரில் இதே மாதிரி வாந்தி வந்தது, இதே மாதிரி கண் சொக்கியது, கால் கல்லானது. அன்றைக்கு எந்தப் பூச்சியும் கடிக்கவில்லை. எது களைப்பு, எது விஷம் என்று பிரித்துச் சொல்ல அவளிடம் அளவுகோல் கிடையாது. ஜெயந்தனிடம் இருக்கலாம். ஆனால் அவருக்குத்தான் விஷயமே தெரியாதே.

அவர் மறுபடி வந்தார்.

"தர்மினி போன் பண்ணினவள். முகம் சரியில்லை எண்டு சொல்றாள். என்ன செய்யுது?"

"கண்ணு... சொருகுது சார்."

"கடைசி மூண்டு கிலோமீட்டரில எல்லாருக்கும் அப்படித்தான். உடம்பு பொய் சொல்லும். போதும், விட்டிடு எண்டு சொல்லும். நம்பக்கூடாது. உப்பு மாத்திரை ஒண்டு போடுங்கோ." மாத்திரையைக் கொடுத்தார். "இருபத்தைஞ்சு நிமிசம் இருக்கு. நடந்தாலே போதும். குமுதா, கேக்குதோ? நடந்தாலே முடிச்சிடலாம்."

நல்ல மனிதர். கெட்ட வார்த்தை எதுவும் அவர் சொல்லவில்லை. அவள் எதைக் கேட்க ஆசைப்பட்டாளோ அதைத்தான் சொன்னார். உடம்பு பொய் சொல்லும். நான்கு வருஷமாக இதே பாடத்தைத்தான் அவர் சொல்லிக் கொடுத்தார், அதை நம்பித்தான் அவள் கடலில் மிதந்தாள், மேட்டில் மிதித்தாள். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் உதட்டின் ஓரத்தால் வழிந்து கழுத்தில் இறங்கியது. உதட்டை மூடச் சொன்னாள். உதடு மூடவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. அப்படியும் இன்னும் அரைக் கிலோமீட்டர் போனாள் என்றால், ஆசை என்பது எவ்வளவு கெட்டியான பிசின் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலை வளைந்தது. வளைவு தாண்டினால் திடல் தெரியும். தெரிந்தது. நீலக் கூடாரம் தெரிந்தது, முடிவுக் கோட்டில் நட்ட கொடி தெரிந்தது. பக்கத்திலேயே இன்னொரு நீலக் கூடாரம், இன்னொரு கொடி. வேன் இரண்டு. வேனிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தும் அர்ச்சுனனும் இரண்டு பேர்.

நானூறு மீட்டர். கடிகாரத்தைப் பார்த்தாள், அதிலும் எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு படித்தாள். மூன்று பதினாலு. பதினாறு நிமிஷம் இருந்தது. தவழ்ந்துகூடப் போகலாம். போய், கோட்டைத் தொட்டுவிட்டுச் சொன்னால் என்ன? ஐந்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும்? கால் எடுத்து வைத்தாள். முழங்கால் மடிந்தது. எழுந்தாள். அடுத்த அடியும் வைத்தாள். களைப்பில் உலகம் மங்கும், சுழலும், இருட்டும்கூட. இரண்டாகாது. நான்கு வருஷத்தில் ஒருநாள்கூட இரண்டானதில்லை. உடம்பு இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

நின்றாள்.

ஜெயந்தன் மோட்டாரை அவள் பக்கத்தில் நிறுத்தினார். "நிக்க வேண்டாம்! கிட்ட வந்திட்டம், அந்தா கொடி—"

"சார்" என்றாள். "சார், ஆ..."

வார்த்தை வரவில்லை. அதைச் சொல்ல உதடு திரும்பத் திரும்ப ஒட்டிப் பிரிய வேண்டும். அவள் உதடு ஒருதரம்கூட ஒட்ட மறுத்தது. நாற்பத்து நாலு வருஷம் வேண்டாம் என்று ஒதுக்கிய வார்த்தை, வேண்டும் என்று கூப்பிட்டபோது வாய்க்குள் காற்றாகப் போயிற்று. "ஆ... உ..." என்றுதான் கேட்டது.

"என்ன? பாத்ரூமோ? என்ன சொல்றீங்கள்?"

"ஊச்சி" என்றாள். "ஊச்சி சார். ஊச்சி!"

"அதுதான் மருந்து போட்டாச்சே—"

வலது முழங்கையை மடக்கி நிமிர்த்தினாள். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைக் குவித்து, மணிக்கட்டை முன்னால் வளைத்துப் படம் எடுப்பது போல ஆட்டிக் காட்டினாள். அந்தக் கையால் தன் இடது காலை ஒரு கொத்துக் கொத்தினாள்.

ஜெயந்தனின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. முதல்முறையாகக் குனிந்து அவள் காலைப் பார்த்தார். முழங்கால்வரை அது மரக்கட்டை மாதிரி பருத்து, கடிபட்ட இடம் ஊதா நிறமாகிக் கிடந்தது. "ஐயோ கடவுளே" என்றவர் மோட்டாரை அப்படியே சாயவிட்டார். அது விழுந்து கிடந்து உறுமியது. அவளைத் தரையில் உட்காரவைத்து, அசையாதே அசையாதே என்று கத்திக்கொண்டே வேனை நோக்கி இரண்டு கையையும் ஆட்டினார். அர்ச்சுனன் அதற்குள் பாதித் தூரம் ஓடி வந்துகொண்டிருந்தான். அவளுடைய கை ஆடியதைத் திடலிலிருந்தே பார்த்துவிட்டான். அதற்கு விளக்கவுரை அவனுக்குத் தேவைப்படவில்லை.

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அரை மணி ஆகும். அர்ச்சுனன் பதினெட்டு நிமிஷத்தில் ஓட்டினான். வேனின் தரையில் அவளைப் படுக்கவைத்து ஜெயந்தன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். ஒரு கையால் காலை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனில் ஆஸ்பத்திரியோடு மலாயில் பேசினார். எத்தனை மணிக்கு என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும். "இரண்டு... இரண்டு இருபத்தைந்து" என்றார். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "ஆம். அதன் பிறகு ஓடினார். ஐம்பது நிமிடம். ஆம், ஓடினார்" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. குமுதாவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. கண் திறக்கவில்லை, நாக்கு அசையவில்லை, நெஞ்சு மட்டும் ஒவ்வொரு மூச்சையும் தூக்கிப் பார்த்துத் தூக்கிப் பார்த்து இறக்கியது. முன்னாலிருந்து அர்ச்சுனன் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே வந்தான். "வந்துட்டோம். வந்துட்டோம். வந்துட்டோம்." எந்தச் சிக்னலில் நிற்காமல் போனான் என்று அவனுக்கே தெரியாது.

விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அதற்கு முன்பே மூச்சு தளர்ந்து போனதால் தொண்டைக்குள் குழாய் விட்டார்கள், இரண்டு நாள் மெஷின்தான் அவளுக்காக மூச்சு விட்டது. வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று மணிக்கொரு தரம் பேனாவால் காலில் கோடு போட்டார்கள். முழங்காலுக்கு மேல் நான்கு கோடு. ஐந்தாவது கோடு போடத் தேவையில்லாமல் போனது. கணுக்காலில் அழுகிய சதையை வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். ஓடுவதைப் பற்றி இப்போது பேசாதே, முதலில் நட என்றார் டாக்டர்.

ஆறாம் நாள் ஜெயந்தன் வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றே பேசினார்.

"நான் காலைப் பார்த்திருக்க வேணும். மணிக்கூட்டைப் பார்த்தன். முப்பது வருசமா காணியை அளக்கிறன், ஒரு தரம் குனிஞ்சு பார்க்கேல்லை."

"உங்க தப்பு இல்ல சார்" என்றாள் குமுதா. குழாய் எடுத்த தொண்டை கரகரத்தது. "எங்க ஊர்ல அத அப்படித்தான் சொல்லுவோம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கட வீட்டில பூச்சி எண்டா பூச்சிதான்" என்றார் அவர் பாவமாக. பிறகு, அடுத்த வருஷம் பரீட்சைக்கு வர நினைத்தால் விதியைப் பார்க்கமாட்டேன் என்றும் சொன்னார். இது தவறியதாகக் கணக்கில்லை என்றார். கட்டிலின் மறுபக்கத்தில் அர்ச்சுனன் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். ஜெயந்தன் போகும்போது மட்டும் எழுந்து வாசல்வரை போய் விட்டுவிட்டு வந்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தவன் ஆரஞ்சை எடுக்கவில்லை. ஆறு நாளாக அவன் அவளிடம் தண்ணி வேணுமா, வலிக்குதா என்பதைத் தவிர வேறு பேசியிருக்கவில்லை.

"கோச்சுகிட்ட பூச்சின்னு சொன்ன."

"ம்."

"எங்கிட்ட சுளுக்குன்னு சொன்ன."

குமுதா விட்டத்தைப் பார்த்தாள். மின்விசிறி சுற்றியது. பழக்கதோஷம் என்று கோச்சிடம் சொன்ன சமாதானத்தை இவனிடமும் சொல்லலாம். இவன் நம்புவதுபோலக் காட்டிக்கொள்வான், அப்புறம் சாகும்வரை இதைப் பற்றிக் கேட்கமாட்டான்.

"நான் ஐஸ் பொட்டியோட அங்கதான் நின்னேன்" என்றான் அர்ச்சுனன். "எங்கிட்டயும் பூச்சின்னு சொல்லியிருந்தா அங்கேயே தூக்கிப் போட்டுக்கிட்டு வந்திருப்பேன்ல. இந்தக் கொழா, இந்தக் கத்தி ஒண்ணும் வந்திருக்காது. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"உங்களுக்குப் புரிஞ்சிரும்" என்றாள் குமுதா. "அதனாலதான் சொல்லல."

சொன்ன பிறகு அழுதாள். ஆறு நாளாக அவள் தனக்கே சொல்லாமல் வைத்திருந்தது அது. சொன்ன மாதிரியும் ஆகணும், யாரும் தன்னை நிறுத்தவும் கூடாது என்றுதான் புரியாத மனிதராகப் பார்த்துச் சொன்னாள். புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆளிடம் பொய் சொன்னாள். எவ்வளவு நிதானமாகத் தேர்ந்தெடுத்தோம் என்று நினைக்க அவளுக்கே பயமாக இருந்தது.

அர்ச்சுனன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஸ்டூலை இழுத்து அவள் தலைமாட்டுக்குக் கிட்டே போட்டுக்கொண்டான்.

"சரி. ஒண்ணு மட்டும் சொல்லு" என்றான். "டாக்டர்ட்ட சொன்னியே, அந்த மாதிரி கண்ணுக்கு எல்லாம் ரெண்டா தெரியாம இருந்திருந்தா, அந்த நானூறு மீட்டரையும் ஓடியிருப்பியா?"

இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். இப்போது உதடு நன்றாக ஒட்டியது, நாக்கு நன்றாகப் புரண்டது. சொல்லுக்கு ஒரு தடையும் இல்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கட்டில்காரிக்குச் சாப்பாடு வந்தது, தாதி தட்டை வைத்துவிட்டுப் போனாள், அவன் இன்னும் காத்துக்கொண்டிருந்தான். குமுதா கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. அது அவனுக்குப் புரிந்தது.